லீவுக்கு வந்தா பிள்ளைங்கள எங்க விளையாட விடுறது? மார்த்தாண்டம் பக்கம் நாங்க போன மூணு ப்ளே ஏரியா

மஸ்கட்ல இருந்து ஜூன் கடைசில ஊருக்கு வந்தோம். பையனுக்கு ஆறு வயசு, மவளுக்கு ரெண்டே கால். எங்க வீடு மார்த்தாண்டத்துல இருந்து களியக்காவிளை பார்டர் போற வழில கொஞ்சம் உள்ள தள்ளி. ஜூலை மாசம் நம்ம ஊரு மழைய பத்தி இங்க உள்ளவங்களுக்கு சொல்லவே வேண்டாம், காலைல நல்ல வெயிலா இருக்கேன்னு பிள்ளைங்கள முத்தத்துல இறக்கி விட்டா பத்து நிமிஷத்துல சடசடன்னு ஊத்தும், அப்புறம் ஒரு மணி நேரம் திண்ணைல உக்காந்து பாத்துட்டு இருக்க வேண்டியதுதான். மூணு நாள் அப்படியே போச்சு, நாலாவது நாள் ரெண்டு பேரும் எனக்க அம்மைக்க போன புடிச்சு இழுத்து சண்டை போட ஆரம்பிச்சிட்டாங்க. அப்பதான் மைனி சொன்னாங்க, இப்ப மார்த்தாண்டத்துலயே ஏசி போட்ட ப்ளே ஏரியா வந்திருக்கு, கூட்டிட்டு போன்னு.

மஸ்கட்ல எங்களுக்கு இது பழக்கம்தான், அங்க வெயில் காலத்துல வெளிய பார்க்ல விளையாட முடியாது, அதனால மால்ல உள்ள போய் விளையாடுறதே வழக்கம். அதனால ஒரு ப்ளே ஏரியாவுல என்ன எதிர்பாக்கணும்னு எனக்கு ஓரளவு தெரியும்னு நினைச்சிருந்தேன். அந்த ஒரு மாசத்துல மூணு இடத்துக்கு மொத்தம் ஏழு தடவ போனோம். முதல் இடத்துல நடந்தத சொன்னா மத்தது எல்லாம் ஏன் சொல்றேன்னு புரியும்.

முதல் இடம் ஒரு கடைக்கு மேல ரெண்டாவது மாடி. கடை பேரு சொல்லல. பாக்க அழகா இருந்துது, சுவர் பூரா படம், ரெண்டு சறுக்கு, பந்து நிரப்பின தொட்டி, ஒரு ட்ராம்போலின், வலை கட்டி ஏறி போற மாதிரி மூணு அடுக்கு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பிள்ளைக்கு 200 ரூவா, சாக்ஸ் 50 ரூவா தனி. ஞாயித்துக்கிழம, நல்ல கூட்டம். நான், அம்மை, ரெண்டு பிள்ளைங்க. பெத்தவங்க உள்ள போகக் கூடாது, கண்ணாடிக்கு வெளிய பெஞ்சுல உக்காரணும்னாங்க. சரின்னு உக்காந்தா அந்த பெஞ்சுல இருந்து பாத்தா சறுக்கோட முதுகுதான் தெரியுது, பிள்ளை ஏறுறது தெரியும், இறங்குற பக்கம் தெரியாது. பையன் ஒரு மூலைல வலைக்குள்ள, மவ பந்துத் தொட்டில. நான் எந்திரிச்சு நின்னு ஒருத்தன பாத்தா இன்னொருத்தி மறைஞ்சிடுவா.

பையன் கீழ விழுந்து உதடு கடிச்சுகிட்டான், லேசா ரத்தம், நான் கவுண்டர்ல பஞ்சு கேட்டுட்டு நிக்கேன். பஞ்சு இல்ல, டிஷ்யூ தந்தாங்க. அந்த ரெண்டு நிமிஷத்துல அம்மை பின்னால இருந்து கூப்பிடுறாங்க, "மக்ளே, பிள்ளைய காணலியே". தொட்டில இல்ல. சறுக்குல இல்ல. அப்ப ஒரு பெரிய குடும்பம், ஏழெட்டு பேரு, பிறந்தநாள் முடிஞ்சு கெளம்பிட்டு இருந்தாங்க, கதவ ஒருத்தர் பிடிச்சுகிட்டு நிக்க எல்லாரும் போறாங்க, அவங்க பிள்ளைங்களோட பிள்ளையா எனக்க மவளும் வெளிய போயிருக்கா. செருப்பு ரேக் தாண்டி படிக்கட்டுக்கு மேல் படில நின்னுட்டு இருந்தா, ஒரு கைல மஞ்ச பந்து, இன்னொரு கை கைப்பிடி கம்பிய தேடுது, கம்பி அவளுக்கு எட்டல. அந்த குடும்பத்துல ஒரு வயசானவருதான் அவ தோள பிடிச்சு நிறுத்தி வச்சிருந்தாரு, "இது யாருக்க பிள்ளை"ன்னு கேட்டுட்டே. அவர் நல்லா இருக்கணும்.

எனக்கு கை நடுங்கிட்டு இருந்துது. கவுண்டர்ல இருந்த பையன், இருபது வயசு இருக்கும், சொன்ன பதில் "அக்கா நீங்கதான் பாத்துக்கணும், போர்டுல எழுதியிருக்கே". போர்டுல எழுதியிருக்கு, உண்மைதான். ஆனா உள்ள வரவும் விட மாட்டீங்க, உக்காந்த இடத்துல இருந்து பாக்கவும் முடியாது, வாசல்லயும் ஆள் இல்லன்னா நான் எப்படி பாக்கேன்? ஓனர் நம்பர் வாங்கி அன்னைக்கு ராத்திரியே கூப்பிட்டு பேசினேன், அத கடைசில சொல்றேன்.

பெத்தவங்களுக்கு வேண்டியது என்னன்னு என்கிட்ட கேட்டா முதல்ல இந்த வாசல்தான். படம் வரைஞ்ச சுவர், புது சாமான், பாட்டு எல்லாம் அப்புறம். ரெண்டு கதவு இருக்கணும், ஒண்ணு மூடினாதான் அடுத்தது தொறக்கணும், தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டாத உயரத்துல. பிள்ளை கைல ஒரு பட்டை, கூட வந்தவங்க கைலயும் அதே நம்பர் பட்டை, ரெண்டையும் பாத்துட்டுதான் வெளிய விடணும். இதுக்கு பெரிய செலவு ஒண்ணும் இல்ல, ஆஸ்பத்திரில பிரசவ வார்டுல தாய்க்கும் பிள்ளைக்கும் கட்டுற மாதிரி ஒரு பேப்பர் பட்டைதான். அதுக்கு மேல அந்த வாசல்ல ஒரு மனுஷன் உக்காந்திருக்கணும், பில் போடுற ஆளே வாசலையும் பாத்துக்கட்டும்னு விட்டா நடக்காது, கூட்டம் வந்தா அவன் கண்ணு பில்லுல தான் இருக்கும், அவனயும் குத்தம் சொல்ல முடியாது.

ரெண்டாவது இடம் நாகர்கோவில்ல, ஒரு துணிக்கடை பக்கம் பின்னால ஒதுங்கி இருக்கு, சின்ன இடம், முதல் இடத்துல பாதி கூட வராது. சாமானும் பழசுதான். ஆனா நாங்க நாலு தடவ போனது இங்கதான். காரணம் ஒரு அக்கா. அம்பது வயசு இருக்கும், பந்துத் தொட்டி பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பாங்க, மடில ஒரு துண்டு, பக்கத்துல சோப்புத்தண்ணி வாளி. எந்த பிள்ளையாவது பந்த வாய்ல வச்சா, திட்ட மாட்டாங்க, கைய நீட்டுவாங்க, பிள்ளை தானா குடுத்துடும், அத வாளில போட்டுட்டு வேற பந்து எடுத்து குடுப்பாங்க. நான் பாத்த ஒரு மணி நேரத்துல அந்த வாளில பதினஞ்சு பந்துக்கு மேல விழுந்திருக்கும். பெரிய பையனுங்க மேல இருந்து தொட்டிக்குள்ள சாடுனா மட்டும் குரல் உசரும், "பைய மக்ளே, அடில குட்டிப் பிள்ளை கெடக்கும்". அவ்வளவுதான், அவன் நிப்பான். எனக்க மவ ரெண்டாவது தடவ போனப்ப நேரா அந்த ஸ்டூல் பக்கத்துலதான் போய் நின்னா.

அந்த வாளிய பாத்த பிறகுதான் சுத்தத்த பத்தி நான் ஒழுங்கா யோசிச்சேன். 2022ல கொல்லம் பக்கம் தக்காளிக் காய்ச்சல்னு பரவுச்சே ஞாபகம் இருக்கா, அஞ்சு வயசுக்கு உள்ள பிள்ளைங்களுக்குதான் வந்துது, கேரள எல்லைல உள்ள வாளையார்ல தமிழ்நாட்டு சுகாதாரத் துறை நின்னு செக் பண்ணாங்க. அதே சமயம் கேரளாவுக்கு லீவுக்கு வந்துட்டு பிரிட்டன் திரும்பின ரெண்டு பிள்ளைங்களுக்கு கொப்புளம் வந்து, அங்க டெஸ்ட் எடுத்தப்ப காக்சாக்கி ஏ16னு தெரிஞ்சுது, அதாவது நமக்கு தெரிஞ்ச கை கால் வாய் நோய உண்டாக்குற அதே வைரஸ். எங்கள மாதிரி லீவுக்கு வந்த குடும்பம்ங்கிறதால அந்த செய்தி எனக்கு மறக்கல. அது எச்சில்லயும் கொப்புள நீர்லயும் மலத்துலயும் பரவுறது. நிறைய இடத்துல வாசல்ல சானிடைசர் ஒரு சொட்டு அடிச்சு உள்ள விடுறாங்க, ஆனா இந்த வகை வைரஸுக்கு ஆல்கஹால் சானிடைசர் அவ்வளவா கேக்காது, சோப்பும் தண்ணியும்தான் கேக்கும். அதனால பிள்ளைக்கு எட்டுற உயரத்துல ஒரு வாஷ்பேசினும் சோப்பும் வைங்க, அது போதும். கூடவே, கொப்புளம் இருக்குற பிள்ளைய வாசல்லயே திருப்பி அனுப்புற தைரியம் வேணும். அந்த அக்கா ஒரு நாள் அத செய்ததையும் பாத்தேன், அந்த பிள்ளைக்க அம்மாவுக்கு கோவம், ஆனா காச திருப்பி குடுத்து அனுப்பிட்டாங்க. பெத்தவங்க நம்மளும் இத யோசிக்கணும், நம்ம பிள்ளைக்கு காய்ச்சல்னா நம்மளே கூட்டிட்டு வரக் கூடாது.

ட்ராம்போலின் பத்தி ஒண்ணு. முதல் இடத்துல ஒரே ட்ராம்போலின்ல எட்டு பேரு சாடிட்டு இருந்தாங்க, அஞ்சு வயசும் இருந்துது பன்னெண்டு வயசும் இருந்துது. அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம் 2012ல வெளியிட்ட அறிக்கைல சொல்லியிருக்கிறது, ட்ராம்போலின்ல அடிபடுறதுல முக்கால்வாசி ஒரே நேரத்துல பல பேர் சாடுறப்ப தான் நடக்குது, அதுலயும் எடை கொறஞ்ச பிள்ளைக்கு ஆபத்து பல மடங்கு அதிகம்னு. காரணம் ரொம்ப சிம்பிள், கனமானவன் இறங்குறப்ப துணி கீழ போய் மேல துள்ளி வரும், அந்த நேரத்துல சின்னவன் கால் பட்டா அந்த விசை முழுசும் அவன் முழங்காலுக்கு வருது. அதனால வயசு பிரிச்சு நேரம் குடுங்கன்னு கேக்கிறேன். நாகர்கோவில்ல ட்ராம்போலினே இல்ல, எனக்கு அது நிம்மதி.

தீ பத்தி சொல்லாம விட முடியாது. 2024 மே 25 ராஜ்கோட்ல ஒரு கேம் ஸோன்ல தீப்பிடிச்சு 27 பேர் செத்தாங்க, அதுல பிள்ளைங்களும் உண்டு. வெல்டிங் பொறில பிடிச்ச தீ, உள்ள டீசல் பெட்ரோல் வச்சிருந்தாங்க, தீயணைப்புத் துறை தடையில்லா சான்றே இல்லாம நடத்தியிருக்காங்க. நமக்கு இது புதுசா? 2004 ஜூலை 16 கும்பகோணம், 94 பிள்ளைங்க. நான் அப்ப ஸ்கூல்ல படிச்சிட்டு இருந்தேன், எங்க ஸ்கூல்லயும் பிரேயர்ல நிக்க வச்சு மௌனமா இருக்க சொன்னாங்க, அடுத்தடுத்து ஓலைக் கூரை போட்ட ஸ்கூலெல்லாம் பிரிச்சாங்க. ஓலைய பிரிச்சோம், சரி, இப்ப பஞ்சும் பிளாஸ்டிக்கும் நிரப்பின ரூமுக்குள்ள பிள்ளைங்கள விடுறோம், அந்த மெத்தைக்குள்ள இருக்கிற பாலியூரிதேன் ஃபோம் வேகமா பிடிக்கும், அதுல வர்ற புகைல கார்பன் மோனாக்சைடும் சயனைடும் இருக்கும், தீ பக்கத்துல வரும் முன்னாடியே புகை ஆள சாய்ச்சிடும். ஐரோப்பாவுல இந்த மாதிரி மூடின விளையாட்டு சாமானுக்குன்னே 2008ல இருந்து ஈஎன் 1176, பத்தாம் பகுதின்னு தனி தரம் வச்சிருக்காங்க. நான் இப்ப எங்க போனாலும் மூணு கேள்வி கேக்கிறேன்: ரெண்டாவது வழி எங்க, அது பூட்டாம இருக்கா, தீயணைப்பு சான்று இருக்கா. முதல் இடத்துல ரெண்டாவது வழி இருந்துது, ஆனா அதுக்கு முன்னால காலி சேர் அடுக்கி வச்சிருந்தாங்க. பிள்ளைய மேல் அடுக்குல இருந்து எடுக்க பெரியவங்க ஏறிப் போக முடியுமான்னும் பாருங்க, வலைக்குள்ள என் தோள் கூட நுழையாத இடம் உண்டு.

மூணாவது, திருவனந்தபுரம். ஆக்குளத்துல 2021 டிசம்பர்ல தொறந்த லுலு மால்ல உள்ள விளையாட்டு இடத்துக்கு ஒரு தடவ போனோம், எங்க வீட்டுல இருந்து கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர், ஆனா நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் கூட்டத்துல ஊர்ந்து போய் சேர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிட்டு. பெரிய இடம், பையனுக்கு ரொம்ப பிடிச்சுது, ரெண்டு வயசுக்காரிக்கு சத்தம் தாங்கல, காத பொத்திட்டு அழுதா. சின்னவங்க இருக்கிற குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவ போதும்.

சாப்பாடு விஷயத்துல ஒரு மனத்தாங்கல் உண்டு. முதல் இடத்துல அம்மைக்க பைல இருந்த மட்டிப்பழத்த, நம்ம ஊரு வாழைப்பழம்தான், வெளிய வைக்க சொன்னாங்க, வெளி சாப்பாடு அனுமதி இல்லையாம். நம்ம மட்டிப்பழத்துக்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சிருக்கு, குமரி மாவட்டத்துல பல்லு முளைக்காத பிள்ளைக்கு முதல்ல மசிச்சு குடுக்கிற பழம் அது, அத தடுத்துட்டு உள்ள விக்கிறது எல்லாம் பாக்கெட் சிப்ஸும் கலர் ஜூஸும். கேண்டீன் வியாபாரம் உங்களுக்கு வேணும், புரியுது, பெரியவங்க சாயாவும் வடையும் உங்ககிட்டயே வாங்கிக்கிறோம். ஆனா மூணு வயசுக்கு உள்ள பிள்ளைக்க சாப்பாட்ட தடுக்காதீங்க. நாகர்கோவில்ல ஒரு மேசையே போட்டு வச்சிருக்காங்க, சாப்பிட்டுட்டு துடைச்சிட்டு போகணும், அவ்வளவுதான் சட்டம்.

அதே மாதிரி பாட்டிங்கள நினைங்க. நம்ம ஊர்ல பிள்ளைய கூட்டிட்டு வர்றது பாதி பாட்டியும் தாத்தாவும்தான், பெத்தவங்க வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போயிருப்பாங்க. முட்டுவலி உள்ளவங்களுக்கு ரெண்டாவது மாடி படிக்கட்டும், முதுகு சாய முடியாத பெஞ்சும் சரி வராது. கை வச்ச சேர் ஒரு நாலு, அதுல உக்காந்தா விளையாடுற இடம் முழுசும் தெரியணும். பால் குடுக்க ஒரு திரை போட்ட மூலை. பிள்ளைங்க உக்காருற அளவுல ஒரு டாய்லெட், தரை காய்ஞ்சு இருக்கணும். மழைக்கு கரண்ட் போனா ஜெனரேட்டர் எடுக்குற வரைக்கும் இருட்டாகாம ஒரு எமர்ஜென்சி லைட். ஒரு நாள் முப்பது செகண்ட் இருட்டுல பத்து பிள்ளைங்க ஒண்ணா அழுதத கேட்டிருக்கேன்.

வெளிநாட்டுல இருந்து வர்றவங்களுக்கு ஒரு விஷயம், இங்க ஸ்கூல் ஜூன்லயே தொறந்துடும், அதனால ஜூலைல திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் காலை பதினோரு மணிக்கு போனா இடம் காலியா கிடக்கும், உங்க பிள்ளை மட்டும்தான். ஞாயித்துக்கிழம சாயந்திரம் சின்னப் பிள்ளைய கூட்டிட்டு போகவே போகாதீங்க.

முதல் இடத்து ஓனர் போன்ல மரியாதையாதான் பேசினாரு. தனக்கும் ஒரு பேத்தி உண்டுன்னாரு, படிக்கட்டுல நின்னத சொன்னப்ப கொஞ்ச நேரம் பேசல. கேட் போடுறேன்னாரு, சேர எடுக்கிறேன்னாரு. நாங்க மஸ்கட் திரும்பி மூணு வாரம் ஆச்சு, போன சனிக்கிழம மைனி அங்க போயிட்டு வந்து போட்டோ அனுப்பியிருந்தாங்க. இடுப்பு உயரத்துக்கு மரத்துல ஒரு சின்ன கேட் போட்டிருக்காங்க, கொக்கி வெளிப்பக்கம் இருக்கு. சேரும் அங்க இல்ல. கேட் பக்கத்துல ஆள் யாராவது உக்காந்திருந்தாங்களான்னு கேட்டேன், இல்லன்னாங்க. நாளைக்கு அவருக்கு மறுபடி போன் பண்ணணும்.