இல்லாத வீட்டுக்கு 684 யூரோ: ஸ்பெயினில் வீடு எடுக்கிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

684 யூரோ. நம்ம ஊர்ப் பணத்தில் எழுபதாயிரத்தைத் தொடும். போய் ஐந்து நாள் ஆகிறது. அம்மா பக்கத்துக் கட்டிலில் தூங்குறாங்க, எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஸ்பெயினில் வாடகை வீடு எடுப்பது பற்றி ஒன்று விடாமல் வரிசையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கோபம் எவ்வளவு தூரம் எழுத விடுகிறதோ பார்ப்போம்.

நான் வேலை பார்ப்பது ஜெர்மனியில். அம்மா மதுரையில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவங்க, என்னோடு மூணு மாசம் இருக்க வந்திருக்காங்க. ரெண்டு பேருமாக ஸ்பெயின் சுற்றலாம் என்று கிளம்பினோம். திட்டம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மாட்ரிட் போகிற விமானம், பார்சலோனாவிலிருந்து திரும்புகிற விமானம், நடுவில் பன்னிரண்டு நாள். பிடித்த ஊரில் இருப்போம், பிடிக்கவில்லை என்றால் ரயில் ஏறுவோம்.

முதல் ஐந்து நாள் அது அருமையாகத்தான் போனது. மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகம் சாயங்காலம் 6 மணிக்கு மேல் இலவசம் என்று வரிசையில் நின்று பார்த்தோம். கோர்டோபாவில் மெஸ்கீத்தா என்கிற பழைய மசூதிக்குக் காலை 8.30-க்கே போய் நின்றால் ஒரு மணி நேரம் டிக்கெட் வேண்டாம், அதற்கும் போனோம். சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள், தூணுக்குப் பின்னால் தூண், 850-க்கு மேல் இருக்கிறது. அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்ம ஆயிரங்கால் மண்டபத்துல 985. இவங்க இன்னும் கொஞ்சம் மெனக்கெட்டிருக்கலாம்" என்றாங்க.

சாப்பாடுதான் தொல்லை. அம்மா சுத்த சைவம். இறைச்சி வேண்டாம் என்றால் நன்றாகத் தலையாட்டிவிட்டு, சாலட் மேல் டூனா மீனைப் போட்டுக் கொண்டுவருகிறார்கள். கோர்டோபாவில் சால்மொரேகோ என்று தக்காளியும் ரொட்டியும் சேர்த்து அரைத்த குளிர்ந்த சூப் ஒன்று. தக்காளிதானே என்று நம்பிக் கேட்டோம். மேலே அவித்த முட்டை, பொடியாக நறுக்கிய ஹாம். ஹாம் அவர்கள் கணக்கில் இறைச்சியிலேயே சேராது போலிருக்கிறது. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பையிலிருந்து முறுக்கை எடுத்தாங்க. அன்று ராத்திரியே முடிவு பண்ணிவிட்டேன், அடுத்த ஊரில் அடுப்பு உள்ள வீடு. பெட்டியில் புளிக்காய்ச்சல் பாட்டில் இருக்கிறது, அரிசி வாங்கிக்கொண்டால் போதும்.

அடுத்த ஊர் செவில். நாங்கள் போகப்போவது ஃபெரியா வாரத்தில் என்பது எனக்குத் தெரியாது. ஈஸ்டர் முடிந்து ரெண்டு வாரத்தில் அந்த ஊரில் ஒரு வாரம் திருவிழா. பொட்டுப் பொட்டுப் பாவாடை, குதிரை வண்டி, ராத்திரி முழுக்க ஆட்டம். அறை வாடகை எல்லாம் மூணு மடங்கு. தேடித் தேடி, பெயர் தெரிந்த ஒரு பெரிய வாடகை வீட்டுத் தளத்தில் (பெயரைப் போடவில்லை, போட்டால் அடுத்த தலைவலி) ஒரு வீடு கண்ணில் பட்டது. திரியானா பகுதி, ஆற்றுக்கு அந்தப் பக்கம். ரெண்டு கட்டில், சமையலறை, ஜன்னலில் செடித்தொட்டி. நாலு ராத்திரிக்கு 684. அடிமாட்டு விலை என்றால் அப்போதே சந்தேகம் வந்திருக்கும். திருவிழா நேரத்துக்கு ஏற்ற விலையாகத்தான் இருந்தது.

எங்கே நம்பினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். பணம் பற்றிய பேச்சே வருவதற்கு முன்னால் அந்த விளம்பரம் போட்ட ஆள் கேட்ட முதல் கேள்வி: "உங்கள் அம்மாவால் படி ஏற முடியுமா? வீடு ரெண்டாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஆனால் பழையது, சின்னது."

இத்தனை வருஷத்தில் எந்த வீட்டுக்காரரும் இப்படிக் கேட்டதில்லை. அம்மாவுக்கு மூட்டு வலி. நான் உருகிவிட்டேன். லிஃப்டை வீடியோ எடுத்து அனுப்புகிறேன், இந்தத் தளத்தில் வீடியோ போகாது, வாட்ஸ்அப் எண் கொடுங்கள் என்றான். கொடுத்தேன். ஒன்பது விநாடி வீடியோ வந்தது. கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட், ஒரு கை அதை இழுத்துத் திறக்கிறது. அம்மாவிடம் காட்டினேன். "நம்ம டவுன்ஹால் ரோடு லாட்ஜுல இருந்தது மாதிரியே இருக்கு" என்று அவங்களும் சிரிச்சாங்க.

அப்புறம்தான் பணம். திருவிழா வாரம் என்பதால் காலண்டர் பூட்டிக்கிடக்கிறது, நேரடியாக புக் பண்ண முடியாது, தளத்தின் பாதுகாப்பு லிங்க்கை அனுப்புகிறேன் என்றான். லிங்க்கைத் திறந்தால் அதே நிறம், அதே எழுத்து, பூட்டுப் படம், வீட்டின் போட்டோ, என் பெயர். கீழே ஒரு வங்கிக் கணக்கு எண். கூடவே ஒரு குரல் செய்தி: "கணக்கு எங்கள் பெயரில் இருக்காது. நீங்கள் வீட்டுக்குள் நுழையும் வரை பணத்தை வைத்திருக்கும் கம்பெனியின் கணக்கு அது. உங்கள் வங்கி பெயர் சரியில்லை என்று சொல்லும், பயப்பட வேண்டாம்."

அவன் சொன்னபடியே வங்கி ஆப் சொன்னது. 2025 அக்டோபரிலிருந்து யூரோ நாடுகளில் பணம் அனுப்பும்போது பெயரும் கணக்கும் பொருந்துகிறதா என்று வங்கிகள் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். என் திரையிலும் வந்தது: பெறுபவர் பெயர் பொருந்தவில்லை, தொடரவா? எச்சரிக்கைக்குத்தான் அந்த வரி வந்தது. நான் படித்ததோ, அவன் சொன்னது சரியாகத்தானே இருக்கிறது என்று! பாம்பு வரும் என்று பாம்பே முன்கூட்டிச் சொன்னால் நம்பிவிடுகிற ஜென்மம் நான்.

அம்மா மட்டும் ஒரு வார்த்தை கேட்டாங்க. "பார்க்காத வீட்டுக்கு முழுப் பணமுமா பாப்பா? அட்வான்ஸ்தானே குடுப்பாங்க?"

"இங்கெல்லாம் அப்படித்தாம்மா" என்றேன். பத்து விநாடியில் போய்விட்டது, 684.

மறுநாள் மத்தியானம் ரயிலில் செவில், சாந்தா ஹூஸ்தா ஸ்டேஷன். கோர்டோபாவிலிருந்து முக்கால் மணி நேரம்தான். வெளியே வந்தால் சின்னப் பிள்ளையிலிருந்து பாட்டி வரை கொசுவம் கொசுவமாகத் தொங்கும் பாவாடை, தலையில் பூ. "எல்லாரும் ஒரே கல்யாணத்துக்கா போறாங்க?" என்று அம்மா டாக்ஸியில் கேட்டுக்கொண்டே வந்தாங்க. கிரால்டா கோபுரம் தூரத்தில் ஒரு நிமிஷம் தெரிந்தது. அப்புறம் பார்த்துக்கலாம்மா, நாலு நாள் இருக்கோமே என்றேன்.

கதவு இருந்தது. அதுதான் கொடுமை. போட்டோவில் பார்த்த அதே பச்சைக் கதவு, எண் எழுதிய அதே நீலப் பூ ஓடு. மணி அடித்தேன். போன் பண்ணினேன், எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அவன் படம் காணாமல் போயிருந்தது. மணி 3.40, சுள்ளென்று வெயில், தெருவில் பாதிக் கடை சாத்தியிருந்தது. அரை மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு வயதான அம்மா குப்பைப் பையோடு வெளியே வந்தார். போனைக் காட்டினேன். போட்டோவைப் பார்த்தார், என் அம்மாவைப் பார்த்தார், பையைக் கீழே வைத்துவிட்டு ரெண்டு கையையும் விரித்தார். அந்தக் கட்டடத்தில் வாடகைக்கு விடுகிற வீடே கிடையாது. கதவைத் திறந்து உள்ளே காட்டினார். லிஃப்டே இல்லை, படிக்கட்டு மட்டும்தான்.

அம்மா பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாங்க. ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் வயிறு எரிகிறது. தளத்தின் உதவிப் பகுதிக்குப் போனால் முதலில் ஒரு ரோபோ. புக்கிங் எண் கேட்கிறது. என்னிடம் புக்கிங் எண் இல்லை, அதுதானே பிரச்சினையே! எண் இல்லாமல் அது மனிதரிடம் அனுப்பாது. கடைசியில் மாட்ரிட்டில் ஒழுங்காகத் தங்கிவிட்டு வந்த வீட்டின் எண்ணைப் போட்டு உள்ளே நுழைந்தேன். மாட்ரிட் வீட்டில் என்ன குறை என்று கேட்டார்கள். முழுக் கதையையும் தட்டச்சு செய்தேன். "பணம் எங்கள் தளத்துக்கு வெளியே செலுத்தப்பட்டதால்" என்று தொடங்கிய ஒரு பத்தி வந்தது. விளம்பரம் உங்கள் தளத்தில்தானே இருந்தது என்றேன். வருத்தம் தெரிவித்துவிட்டு, பாதுகாப்பு ஆலோசனைப் பக்கத்தின் லிங்க் கொடுத்தார்கள். ராத்திரி ஒரு மெயில்: உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்? அப்போதும் அந்த வீடு அதே பக்கத்தில் அதே செடித்தொட்டியோடு இருந்தது.

வங்கி அதற்கு மேல். 37 நிமிஷம் பாட்டு கேட்டுவிட்டு ஆள் கிடைத்தார். "எச்சரிக்கை காட்டினோம், நீங்கள்தான் தொடரவும் என்று அழுத்தியிருக்கிறீர்கள்." மரியாதையாகத்தான் சொன்னார், அதனால் இன்னும் வலித்தது. பணத்தைத் திரும்பக் கேட்டு அந்தப் பக்கத்து வங்கிக்கு எழுதலாம், அவர்கள் தந்தால் உண்டு, எழுதுவதற்குக் கட்டணம் 15 யூரோ. கட்டினேன். ஆக 684-உம் 15-உம். கணக்கு எண்ணின் முதல் ரெண்டு எழுத்தைப் படிக்கச் சொன்னார். எல்.டி. என்றேன். அது லித்துவேனியா, ஸ்பெயின் கணக்கு என்றால் ஈ.எஸ். என்று தொடங்கும் என்றார். நேற்று எங்கே போயிருந்தீங்க சார்?

போலீஸில் புகார் கொடுத்தேன். அங்கே டெனூன்சியா என்கிறார்கள், முத்திரை குத்திய நகல் கையில் தந்தார்கள். எழுதிக்கொண்ட அதிகாரி, வீட்டை வாடகைக்கு விட அரசு தருகிற உரிம எண்ணை விளம்பரத்தில் பார்த்தார், பேனாவால் ஒரு இடத்தில் தட்டினார். எண்ணின் நடுவில் எம்.ஏ. என்று இருந்தது. மாலகா மாவட்டம். செவில் வீடு என்றால் அங்கே எஸ்.ஈ. இருக்க வேண்டுமாம். எங்கேயோ கடற்கரையில் இருக்கிற யாருடைய வீட்டு எண்ணையோ எடுத்துப் போட்டிருக்கிறான். நகலை வங்கிக்கு அனுப்பினேன். மொழிபெயர்ப்பு வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது.

அன்று ராத்திரி செவிலில் கிடைத்த ஒரே அறை 310 யூரோ. திரும்ப ரயில் ஏறி கோர்டோபாவுக்கே போனோம். முந்தின நாள் தங்கிய இடத்துக்காரம்மா எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் அதே சாவியை எடுத்துக் கொடுத்தார். சூடு தண்ணீர் கொடுத்தார். முறுக்கும் தீர்ந்துவிட்டது, பிரெட்டில் புளிக்காய்ச்சலைத் தடவிச் சாப்பிட்டோம். நல்லாத்தான் இருந்தது, சொல்லப்போனால்.

இப்போது கிரனாடாவில் இருக்கிறோம். அல்ஹாம்ப்ரா அரண்மனைக்கு டிக்கெட் இல்லை. பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் போட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டியது, எப்போதோ விற்றுத் தீர்ந்துவிட்டது. அதில் யாரும் ஏமாற்றவில்லை, அது முழுக்க என் சோம்பேறித்தனம். மேட்டிலிருந்து பார்த்தோம், பின்னால் மலையில் பனி இருந்தது.

ஆலோசனை எழுதுகிறேன் என்றேன் இல்லையா. மணி ரெண்டாகப் போகிறது, தோன்றுவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எந்தக் காரணத்துக்காகவும் தளத்தை விட்டு வாட்ஸ்அப்புக்குப் போகாதீர்கள், லிஃப்ட் வீடியோவுக்காகக்கூட. ஸ்பெயின் வீட்டுக்கு வேறு நாட்டுக் கணக்கு எண் கொடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். பெயர் பொருந்தவில்லை என்று வங்கி சொன்னால் பொருந்தவில்லை என்றுதான் அர்த்தம். விளம்பரத்தில் உரிம எண் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், அது எந்த ஊர் எண் என்று பாருங்கள். கார்டில் கட்டியிருந்தால் சண்டை போடவாவது ஒரு வழி இருந்திருக்கும். ஈஸ்டரை ஒட்டி செவில் போவதாக இருந்தால் திருவிழாத் தேதியை முதலில் பாருங்கள். வேறு என்னவோ இருந்தது, மறந்துவிட்டது.

ஒன்று மட்டும். அம்மாவிடம் 200 யூரோ போய்விட்டது என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதற்கே ரெண்டு நாளாகக் காபி வாங்கித் தந்தால் விலை கேட்கிறாங்க. இதைப் படிக்கிற சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால், மதுரைக்குப் போன் போட்டு 684 என்று சொல்லிவிடாதீர்கள்.