வயல்காவல் ரோச்சுக்கு உள்ளுக்கே சார்ஜ் போர்ட் பூட்டக் கொடுக்கிறவர்கள் கவனம்

வன்னியில் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானைக்குக் காவல் இருக்கிற பலர் வைத்திருப்பது கடை ரோச் இல்லை, பிவிசி குழாயில் தாங்களே செய்தது. பழைய லப்ரொப் பற்றரியில் எடுத்த 18650 என்கிற உருளை லிதியம் செல் இரண்டு, ஒரு எல்இடி, ஒரு சுவிச், அவ்வளவுதான். ஒரே கரைச்சல், சார்ஜ் பண்ண ஒவ்வொரு முறையும் செல்லைக் கழற்ற வேண்டும். அதனால் "உள்ளுக்கே சார்ஜ் போர்ட் பூட்டித் தாறம்" என்கிற கடைகளைத் தேடிப் போகிறார்கள். என் மச்சானும் கிளிநொச்சியில் ஒரு போன் திருத்தும் கடையில் கொடுத்தார்.

பேசியது, சார்ஜ் மிஞ்சி ஏறாமலும் இறங்காமலும் தானாகக் கட்டாகும் பாதுகாப்புள்ள போர்ட் (சின்னச் சுற்றுப் பலகை), நாங்கள் கொடுத்த அதே செல்கள், கூலியோடு 2500 ரூபாய். மூடியைப் பசை போட்டு ஒட்டித்தான் திருப்பிக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சார்ஜ் இறங்கினால் தானாகக் கட்டாக வேண்டிய ரோச், மங்கி மங்கிக் கடைசிச் சொட்டு வரை எரிந்தது. அப்படி எரிந்த ஒரு இரவுக்குப் பிறகு, விடியச் சார்ஜில் போட்டுவிட்டு மச்சான் படுத்துவிட்டார். மூக்கில் ஏறுகிற ஒரு மணம் வர, தங்கச்சி குசினியிலிருந்து ஓடிவந்து வயரைப் பிடுங்கியிருக்கிறாள். குழாய் ஒரு பக்கம் இளகி வளைந்துவிட்டது. இரண்டு முழம் தள்ளிப் பாயில் பிள்ளை நித்திரை. இதை நினைக்க இப்பவும் எனக்குக் கை நடுங்குகிறது.

ஆறிய பிறகு குழாயை அரிந்து திறந்தோம். கொடுத்த செல்கள் உள்ளே இல்லை! அவற்றுக்குப் பதில் 9900 எம்ஏஎச் (செல் பிடிக்கும் சார்ஜின் அளவு) என்று அச்சடித்த இரண்டு. 18650 அளவில் நல்ல கம்பனிச் செல்லே பெரும்பாலும் 3500 சொச்சத்தோடு நிற்கும். 9900 என்று போட்டிருந்தால் அது பொய்தான். கையில் வைத்தாலே தெரியும், நல்ல செல் 45 கிராம் அளவில் கனக்கும், இவை வெறும் கோதாக இருந்தன. வயரை நிக்கல் பட்டி இல்லாமல் செல்லின் தலையிலேயே நேராகச் சூடுவைத்து ஒட்டியிருந்தார்கள். அந்தச் சூடு செல்லின் உள்ளேயே போகும்.

போர்ட் டிபி4056 என்கிற சார்ஜ் சிப் உள்ளதுதான், அதில் பிழையில்லை. ஒரு செல்லை, அல்லது பக்கம் பக்கமாக இணைத்த செல்களை, 4.2 வோல்ற் வரை ஏற்றும் சாமான் அது. ஆனால் பாதுகாப்பு இல்லாத வகையைப் போட்டிருக்கிறார்கள். பார்த்தவுடன் பிடிக்கலாம்: பாதுகாப்புள்ளதில் பற்றரிக்கு இரண்டு, வெளியே போகும் வயருக்கு "அவுட்" என்று இன்னும் இரண்டு இணைக்கும் இடம் இருக்கும். இதில் பற்றரிக்குரிய இரண்டுதான். அதனால்தான் செல் 2.5 வோல்ற்றுக்குக் கீழே போயும் கட்டாகவில்லை. அப்படி வற்றிய செல்லை மறுபடி ஏற்றுவதுதான் ஆபத்து. போதாக்குறைக்கு, 1 அம்பியர் ஏற்றும்போது நன்றாகச் சுடுகிற அந்தச் சிப்பைச் செல்லோடு சேர்த்துப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள்.

தாங்களே வேப் (மின் சிகரெட்) செய்து வைத்திருக்கிற பொடியளும் இதே வேலைக்குப் போகிறார்களாம். தம்பிமார், உங்களுடையது இன்னும் மோசம். வேப்பில் சூடாகிற 0.5 ஓம் கொயில் (கம்பிச் சுருள்) 4 வோல்ற்றில் 8 அம்பியர் இழுக்கும். இந்தச் சின்னப் போர்டின் பாதுகாப்பு 3 அம்பியர் அளவிலேயே வெட்டிவிடும். வெட்டுதே என்று பாதுகாப்பைத் தாண்டி வயர் இழுத்துத் தந்தால் வாங்காதீர்கள். அது வாய்க்குக் கிட்டப் பிடிக்கிற சாமான்.

கடைக்குப் போய்க் கேட்டோம். "வீட்டில செய்த சாமானுக்குக் கரன்ரி இல்லை அண்ணை" என்றார் முதலாளி. செல்லை மாற்றவே இல்லையாம். பில் கேட்டபோது மட்டைத் துண்டில் தொகையை எழுதி நீட்டினார். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் சொல்கிறது. நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு எடுத்து முறைப்பாடு சொல்லியிருக்கிறோம்.

கொடுக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் செல்லைப் போனில் படம் எடுத்து வையுங்கள். மூடியை ஒட்டுவதற்கு முன் உள்ளே காட்டச் சொல்லுங்கள், காட்ட மறுத்தால் சாமானைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள். ஏற்கெனவே இப்படிப் பூட்டி வாங்கியவர்கள் இன்றிரவு சார்ஜில் போடாமல், வீட்டுக்கு வெளியே வைத்து ஒருக்கால் திறந்து பாருங்கள்.