இலவசமாக விலை மதிப்பிடுகிறோம் என்பவரிடம் பழைய நிக்கல்களைக் கொண்டுபோகும் முன்

அமெரிக்காவின் ஐந்து சென்ட் நாணயத்துக்கு நிக்கல் என்று பெயர். ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த முதியவர், வீட்டை விற்றுவிட்டு மகனோடு வசிக்கப் புறப்பட்டபோது, சிறுவயது முதல் தாம் சேர்த்து வைத்திருந்த 212 பழைய நிக்கல்களை ஒரு சுருட்டுப் பெட்டியில் இட்டு என் மகளிடம் கொடுத்தார். அந்தப் பெட்டியைச் சென்ற ஆண்டு நான் 60 டாலருக்கு விற்றேன். வாங்க வந்தவர் வாயாலேயே விலையையும் கேட்டுக்கொண்டதுதான் நான் செய்த முதல் பிழை.

விடுதி ஒன்றின் கூடத்தில் இரண்டு நாட்கள் தங்கிப் பழைய நாணயங்களை இலவசமாக மதிப்பிட்டுத் தருவதாக ஒரு நிறுவனம் விளம்பரம் செய்திருந்தது. அங்கே மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, பூதக்கண்ணாடியைத் தொடாமலேயே, தலைப்பக்கத்தை மட்டும் பார்த்துப் பத்து நிமிடத்துக்குள் மூன்று குவியல்களாகப் பிரித்தார். 1883 முதல் 1912 வரை வெளிவந்த சுதந்திர தேவி உருவம் பொறித்தவை 22. 1913 முதல் 1938 வரை வந்த, ஒரு பக்கம் செவ்விந்தியர் தலையும் மறுபக்கம் காட்டெருமையும் உள்ளவை 71. 1938இல் தொடங்கிய, அமெரிக்காவின் மூன்றாம் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனின் உருவ நாணயங்கள் 119.

முதல் குவியலில் ஏழு நாணயங்கள் பளபளத்தன. அது என் கைவேலை. குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய வீட்டில் வளர்ந்தவன் நான். விற்கப் போகும் பொருள் சுத்தமாக இருக்கட்டுமே என்று சமையல் சோடாவும் பல்துலக்கியும் கொண்டு அவற்றைத் தேய்த்திருந்தேன். தேய்த்த நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் விரும்புவதில்லை, அதன் மேற்பரப்பு போனது போனதுதான் என்று அவர் சொன்னது முழு உண்மை. ஆனால் அந்த ஏழைக் காட்டி, மீதி 205க்கும் சேர்த்து விலையைக் குறைத்தார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. காட்டெருமை நாணயங்களில் பாதிக்கு மேல் ஆண்டே தெரியவில்லை என்றார். அதுவும் உண்மைதான்: அந்த வடிவமைப்பில் ஆண்டு எண் மேடான இடத்தில் அமைந்திருப்பதால், புழக்கத்தில் முதலில் தேய்ந்து மறைவது அதுவே. ஜெஃபர்சன் குவியலுக்கு முகமதிப்புக்கு மேல் ஒரு சென்ட் கூடத் தர முடியாது என்று முடித்தார். மொத்த முகமதிப்பு 10 டாலர் 60 சென்ட். அவர் நீட்டியது அதைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு. மகிழ்ச்சியோடு கையொப்பமிட்டேன். ரசீதில் 'பழைய நிக்கல்கள், மொத்தமாக' என்பதைத் தவிர வேறு விவரம் எதுவும் இல்லை.

சில மாதங்கள் கழித்து, மகள் பள்ளிச் செயல்திட்டம் ஒன்றுக்காக அந்த நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்கி இருபக்கமும் எடுத்திருந்த படங்களை உள்ளூர் நாணயச் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவரிடம் காட்டினேன். அவர் தலைப்பக்கத்தைப் பொருட்படுத்தாமல் பின்பக்கப் படங்களைத்தான் பெரிதாக்கிப் பார்த்தார். இந்த மூன்று வகையிலும், ஜெஃபர்சனில் 1964 வரையிலும், எந்த நாணயசாலையில் அடிக்கப்பட்டது என்பதைக் காட்டும் எழுத்து பின்பக்கத்திலேயே இருக்கிறது. எழுத்தே இல்லையென்றால் அது பொதுவாகப் பிலடெல்பியாவில் அடிக்கப்பட்டது என்று பொருள். என்னுடைய 1912ஆம் ஆண்டு நாணயம் ஒன்றில், சென்ட்ஸ் என்ற சொல்லுக்கு இடப்புறம் சிறிய 'எஸ்' தெரிந்தது. சான்பிரான்சிஸ்கோவில் நிக்கல் அடிக்கத் தொடங்கியதே அந்த ஆண்டுதான். அடித்தவை வெறும் 2,38,000. தேவியின் தலைப்பட்டையில் உள்ள எழுத்துகளில் எத்தனை தேயாமல் நிற்கின்றன என்பதை வைத்து அந்த வகையின் தரத்தைக் கணிக்கிறார்கள். என் நாணயத்தில் மூன்று எழுத்துகள் தெரிந்தன. எழுத்தை ஒட்டவைத்துப் போலி செய்பவர்களும் உண்டென்பதால் படத்தை வைத்து உறுதி கூற மாட்டேன், உண்மையானது என்றால் அது ஒன்றே நூறு டாலருக்கு மேல் போகும் என்றார் அவர்.

முகமதிப்புக்கு மேல் பெறாது என்று ஒதுக்கப்பட்ட ஜெஃபர்சன் குவியலின் படங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. இரண்டாம் உலகப் போரில் நிக்கல் உலோகம் படைத் தேவைக்கு வேண்டியிருந்ததால், 1942இன் இடைப்பகுதியிலிருந்து 1945 வரை இந்த நாணயங்களில் நிக்கலே சேர்க்காமல், 56 விழுக்காடு செம்பு, 35 விழுக்காடு வெள்ளி, 9 விழுக்காடு மாங்கனீசு கலந்து அடித்தார்கள். பின்னாளில் எளிதாகப் பிரித்தெடுக்க வேண்டும் என்பதற்காகவே, பின்பக்கத்தில் உள்ள ஜெஃபர்சன் மாளிகையின் குவிமாடத்துக்கு மேலே நாணயசாலை எழுத்தைப் பெரிதாகப் பொறித்தார்கள். பிலடெல்பியாவின் 'பி' எழுத்து அமெரிக்க நாணயத்தில் ஏறியதும் அப்போதுதான். கண்ணாடி இல்லாமலே தெரியும் அந்த எழுத்துடன் என் படங்களில் 34 நாணயங்கள் இருந்தன. ஐந்து கிராம் எடையுள்ள ஒவ்வொன்றிலும் 1.75 கிராம் வெள்ளி, ஆக 59.5 கிராம் வெள்ளியை 1 டாலர் 70 சென்ட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். அபூர்வ எழுத்தைக் கவனிக்காமல் விட்டதாக ஒரு வியாபாரி சொன்னால் நம்பலாம்; போர்க்கால நிக்கலைத் தெரியாது என்று சொன்னால் நம்ப முடியாது.

ரசீதில் இருந்த எண்ணை அழைத்தேன். ஒரு முறை எடுத்தவர், மொத்தமாக விற்ற பொருளுக்குத் தனித்தனிக் கணக்குக் கிடையாது என்று சொல்லி வைத்துவிட்டார். அதன்பின் எவரும் எடுக்கவில்லை. இன்ன நாணயத்தைக் கொடுத்தேன் என்று காட்ட என்னிடம் படம் உண்டு, அவர் அதை வாங்கினார் என்று காட்ட ஒரு வரியும் இல்லை.

ஆண்டுதோறும் வெளியாகும் விலைக் கையேடு பெரும்பாலான நூலகங்களில் கிடைக்கும். அதில் அச்சாகியிருப்பது கடைக்காரர் விற்கும் விலை என்பதால், அவர் வாங்கும் விலை அதைவிடக் கணிசமாகக் குறைவாகவே இருக்கும், அதில் தவறில்லை. ஆண்டு மறைந்த காட்டெருமை நாணயத்தில் அமிலம் இட்டு எண்ணை வரவழைக்க வேண்டாம் என்றும் சங்கத்தில் சொன்னார்கள்: எண் தெரியும், கூடவே அமிலக் கறையும் நிற்கும். தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்புவது, கட்டணத்தைத் தாங்கக்கூடிய ஓரிரு நாணயங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

அதே விளம்பரம், அதே சொற்களுடன், சென்ற வாரம் மீண்டும் வந்திருக்கிறது. இம்முறை வேறொரு விடுதியில். அங்கே போகிறவர்கள் இருபக்கமும் படம் எடுத்துக்கொண்டு, விற்கப் போவதில்லை, மதிப்பு மட்டும் எழுதித் தாருங்கள் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். ஆண்டும் நாணயசாலை எழுத்தும் தனித்தனியாகக் குறிக்காத ரசீதில் கையொப்பமிடாதீர்கள்.