இதய ஸ்கேன் எடுக்க இரண்டு மாடி ஏற வேண்டும்

தண்டையார்பேட்டை மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரு ஸ்கேன் சென்டரில் போன மாதம் எக்கோ எடுத்தேன். குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை.

முதல் குறை: சென்டர் இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்குகிறது என்று வருகிறவர்களை 38 படி ஏற வைக்கிறார்கள். எண்ணிக்கொண்டே ஏறினேன், நடுவில் இரண்டு முறை நின்றேன்.

நான் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைகளுக்கு நைட்டி தைத்துப் போடுகிறவள். வயது 52, சுகர் வந்து 13 வருஷம். பிரஷர் இல்லை. துணி மூட்டையோடு குடோன் படி ஏறினால் பாதியிலேயே மூச்சு இளைக்க ஆரம்பித்தது. சாயங்காலமானால் கொலுசு கணுக்காலில் பதிந்து வரி விழும். ஒரு கிளினிக்கில் ‘வயித்துல கேஸ்மா’ என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஆஞ்சியோ எடுத்ததில் ரத்தக் குழாயில் அடைப்பே இல்லை. அடைப்பில்லை என்றால் பிறகு ஏன் இளைக்கிறது?

டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஃபேன் ஒன்றுதான், அதுவும் கவுன்டர் பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் உள்ளே போனதும் கோபம் போய்விட்டது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஜில்லென்று ஜெல் தடவி, அந்த டாக்டர் பொண்ணு ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். “பாருங்கம்மா, ரத்தம் உள்ளே வரும்போது இரண்டு அலை தெரியுது. முதல் அலைதான் உயரமா இருக்கணும். உங்களுக்கு அது குட்டை, இரண்டாவது நெட்டை.” இதயம் ரத்தத்தை அடித்து வெளியே தள்ளுவது சரியாகத்தான் இருக்கிறதாம். அடித்த பிறகு தளர்ந்து ரத்தத்தை உள்ளே வாங்குவதில்தான் சிக்கல். கொஞ்சம் வயதானாலே இது வரும், சுகர்காரர்களுக்குச் சீக்கிரம் வரும் என்றாள்.

ரிப்போர்ட்டில் ‘62 சதவீதம்’ என்று பார்த்ததும் 100க்கு 62தானா என்று எனக்குப் பகீரென்றது. உள்ளே இருக்கிற ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே போகிற பங்குதான் அது, யாருக்குமே 100 வராது, 62 நார்மல் என்று சிரித்தாள். அதனால்தான் அந்த ஒரு நம்பரை மட்டும் பார்த்தால் என் மாதிரி ஆட்களின் கோளாறு கண்ணில் படாமல் போய்விடுமாம். நீங்கள் எங்கே எக்கோ எடுத்தாலும், தசை தளர்வதை அளக்கிற டிஷ்யூ டாப்ளரும் சேர்த்துப் பார்ப்பார்களா என்று முன்பே கேளுங்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்றும் கேட்டேன். ரத்தத்தில் வருஷக்கணக்காக மிஞ்சி நிற்கிற சர்க்கரை, தசைக்கு நடுவே இருக்கிற நார்களில் ஒட்டி ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. துணியில் பசை கொட்டிக் காய்ந்த மாதிரி என்று நானே புரிந்துகொண்டேன். இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் இதயம் சர்க்கரையை விட்டுக் கொழுப்பையே அதிகமாக எரிக்கிறது. அதற்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவை, எரியாத கொழுப்பும் தசையிலேயே தங்கிவிடுகிறது. இதற்கு டயாபெடிக் கார்டியோமயோபதி, அதாவது சுகரால் வருகிற இதயத் தசை நோய் என்று பெயர். நர்சிங் படிக்கிற என் மகள் வீட்டில் மீதியைச் சொன்னாள். 1972லேயே அமெரிக்காவில், அடைப்பில்லாமல் இதயம் செயலிழந்த நாலு சுகர் நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்களாம். ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் பார்த்த ஆய்வில், சுகர் உள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு வருகிற வாய்ப்பு 2 மடங்குக்கு மேல், பெண்களுக்கு 5 மடங்கு. சரி, இதிலுமா நமக்குக் கூடுதல் என்றேன்.

ரிப்போர்ட்டை என் சுகர் டாக்டரிடம் காட்டினேன். நான் போட்டுக்கொண்டிருந்த மூணு மருந்து சேர்ந்த மாத்திரையில் பியோகிளிட்டசோன் இருந்தது. அது உடம்பில் நீரைத் தேக்கும், இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது என்று நிறுத்தினார். பதிலாக டாபாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரை. 2020ல் காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் செய்வதால் விலை இறங்கிவிட்டது. சிறுநீரில் சர்க்கரை போவதால் அரிப்பு வரலாம், சுத்தமாக இருங்கள் என்று முன்கூட்டியே சொன்னார். உப்பையும் குறைக்கச் சொன்னார். காசிமேட்டுக் கருவாடு இனி வாசனைக்கு மட்டும்தான்.

இப்போது கொலுசு வரி அவ்வளவாக இல்லை. குடோன் படியில் ஒரு முறைதான் நிற்கிறேன்.

சென்டருக்கு 5க்கு மூன்றரை கொடுக்கலாம். அந்த மூன்றரையும் டாக்டர் பொண்ணுக்குத்தான். ரிப்போர்ட்டில் என் வயதை 25 என்று அடித்திருந்தார்கள். “திருத்தித் தரட்டுமா அக்கா?” என்று கவுன்டரில் கேட்டார்கள். இருக்கட்டும் என்று வாங்கி வந்துவிட்டேன். சுகர் டாக்டர்தான் பேனாவால் அடித்து 52 என்று எழுதினார்.