பச்சை டிக்கை நம்பி ஏழு மாதக் கணக்கைக் கோட்டை விட்டோம்

கடையில் பில் போடும் சாஃப்ட்வேருக்கு வருஷா வருஷம் பராமரிப்புக் காசு கட்டுகிற மலையகக் கடைக்காரர்கள் இதை ஒருதரம் வாசித்துவிடுங்கள். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. கண்டியில் இருந்து மாதம் ஒருமுறை வந்து போவார்கள், அவ்வளவு போதும்.

எங்களுடையது ஹட்டனில் பலசரக்கு மொத்தக் கடை, தலவாக்கலையில் ஒரு கிளை. நான் கணக்கு பார்ப்பவன். தோட்டத்து ஆட்கள் மாதம் முழுக்கக் கடனுக்குச் சாமான் எடுத்து, 10ஆம் திகதிவாக்கில் சம்பளம் வந்ததும் கட்டுவார்கள். அந்தப் பற்றுவரவு முழுக்க எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் இலவசம், ஆனால் இரவில் தானாக பேக்கப் எடுக்கும் ஏஜென்ட் அதில் கிடையாது. அதனால் விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரில் இரவு 11 மணிக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடும்படி வைத்துக் கொடுத்திருந்தார்கள். வெளியே ஒரு 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். மாதக் கடைசியில் ஒரு தம்பி வருவார், ஷெடியூலரைத் திறப்பார், தாளில் ‘பேக்கப்’ என்ற இடத்தில் பச்சைப் பேனாவால் டிக் போடுவார், பிளேன்டி குடிப்பார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்.

ஏப்ரலில் நான்தான் கேட்டேன், “தம்பி, டிஸ்கில் பாதிக்கு மேல் இடம் இருக்கிறது, ஆனால் புது ஃபைல் ஒன்றையும் காணோமே?” அவர் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, “இடம் போதவில்லை என்று எரர் வருது அண்ணே, பெரிய டிஸ்க் போடுவோம்” என்றார். இடம் இருக்கிறது என்று நான் சொன்னது காதில் விழவே இல்லை. சரி, தெரிந்தவர் சொல்கிறார் என்று 2 டெராபைட் டிஸ்க் வாங்கினோம், அதுவும் அவர்களிடமே. போட்டுக் கொடுத்தார். பச்சை டிக் தொடர்ந்தது. அதற்குப் பிறகு நானும் அந்த டிஸ்கைத் திறந்து பார்க்கவில்லை. அது என் பிழை.

தீபாவளிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, நல்ல மழை, ஒரே பின்னேரத்தில் மூன்று தரம் கரண்ட் போனது. யூபிஎஸ் மூன்றாவது தரம் கைவிட்டுவிட்டது. மறுநாள் டேட்டாபேஸ் ‘சஸ்பெக்ட்’, அதாவது பழுதாகியிருக்கலாம், என்று திறக்காமல் நின்றது. அவர்களைக் கூப்பிட்டோம். வந்தவர் பேக்கப்பைத் தேடினார், கிடைக்கவில்லை. உடனே ‘ரிப்பேர் அலவ் டேட்டா லாஸ்’ என்ற கட்டளையை ஓட்டிவிட்டார். அந்தப் பெயரைப் பாருங்கள்: தரவு போனாலும் பரவாயில்லை, திறந்தால் போதும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது! வேறு வழியே இல்லாதபோது கடைசியாகத் தொட வேண்டியது அது. அதைத் தொடுவதற்கு முன் டேட்டா ஃபைலையும் மாற்றங்களைப் பதியும் லாக் ஃபைலையும் அப்படியே வேறு இடத்தில் நகல் எடுத்து வைக்க வேண்டும். எடுக்கவில்லை. டேட்டாபேஸ் திறந்தது, உள்ளே ஆங்காங்கே பில்கள் இல்லை. “இவ்வளவுதான் வரும் அண்ணே” என்றார். அந்த வருகைக்கும் தனி பில்.

கொழும்பில் டேட்டாபேஸ் வேலை செய்யும் அக்கா மகன் இரவு பஸ்ஸில் வந்து சேர்ந்தான். உட்கார்ந்து சர்வரின் எரர் லாக்கைத் திறந்தான். ஒவ்வொரு இரவும் 11 மணி தாண்டி அதே வரி: 3041, பேக்கப் தோல்வி. அதோடு விண்டோஸின் 112, டிஸ்கில் இடமில்லை. “மாமா, டிஸ்கில் இடம் தாராளமா இருக்கு. இது ஃபேட்32ங்கிற பழைய முறையில ஃபார்மட் பண்ணியிருக்கு. அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட ஏலாது” என்றான். எங்கள் கடைசி பேக்கப் மார்ச் 14, அளவு 4 ஜிபிக்கு மயிரிழை குறைவு. மறுநாள் கணக்கு கொஞ்சம் வளர்ந்தது, அவ்வளவுதான், அன்றிலிருந்து ஒன்றும் எழுதப்படவில்லை. புது டிஸ்கும் அதே ஃபேட்32. டிவியிலும் போட்டுப் படம் பார்க்கலாம் என்று ஏதோ ஒரு டூலால் அப்படி ஃபார்மட் செய்து கொடுத்தாராம்! அந்த வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றியிருந்தால் ஒரு ரூபா செலவில்லாமல் ஏப்ரலிலேயே சரியாகியிருக்கும்.

அப்போ பச்சை டிக்? ஸ்கிரிப்டில், டேட்டாபேஸுக்கு உத்தரவு அனுப்பும் எஸ்கியூஎல்சிஎம்டி கட்டளையோடு ‘மைனஸ் பி’ என்ற சுவிட்ச் போடவில்லை. அது இல்லாவிட்டால் உள்ளே பேக்கப் தோற்றாலும் வெளியே 0 என்றுதான் பதில் வரும், ஷெடியூலர் அதை வெற்றி என்று காட்டும். தம்பி மாதாமாதம் பார்த்தது அந்த 0வை. ஃபைல் இருக்கும் ஃபோல்டரை ஒருதரம் திறந்திருந்தால் தெரிந்திருக்கும்.

மார்ச் பேக்கப்பைத் தன் லேப்டாப்பில் ஏற்றி, மிஞ்சியதோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில் நம்பர்களை மருமகன் பட்டியல் போட்டான். 2,300 சொச்சம். கார்பன் பிரதிகளையும் ஆட்களின் கணக்குக் கொப்பிகளையும் வைத்துத் திரும்ப ஏற்றினோம். நோர்வூட் பக்கத் தோட்டத்து அம்மா ஒருவர் கொப்பியை மழைக்கு ஷொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்து, “தம்பி, ஓகஸ்ட் மாசத்து 18,450 விட்டுப்போச்சு, எழுதிக்கங்க” என்றார். எங்கள் திரையில் அவருக்கு நிலுவையே இல்லை. எல்லோரும் அப்படி வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது மாத முதல் ஞாயிறு பழைய லேப்டாப் ஒன்றில் பேக்கப்பை நானே ரெஸ்டோர் செய்து, அதாவது திரும்ப ஏற்றி, கடைசி பில் நம்பர் முந்தைய நாளுடையதா என்று பார்க்கிறேன். பேக்கப் ஃபைலை ஏற்றாமலே சரிபார்க்கும் ‘வெரிஃபை ஒன்லி’ மட்டும் ஓட்டினால் போதாது என்று மருமகன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். உங்கள் ஆள் வந்தாலும் டிக்கைக் காட்டச் சொல்லாதீர்கள், உங்கள் கண் முன்னால் ரெஸ்டோர் செய்து காட்டச் சொல்லுங்கள். எரரைப் பார்த்ததும் டிஸ்க் விற்க வந்தால், எந்த எரர், என்ன நம்பர் என்று எழுதி வாங்குங்கள்.

டிஸ்க் காசைத் திருப்பிக் கேட்டோம், “பாவித்த சாமான்” என்றார்கள். ஜனவரியில் புதுப்பிப்பு பில் வந்தது. மூன்றாவது வரியில் ‘பேக்கப் கண்காணிப்பு’ என்று தனிக் கட்டணம் போட்டிருந்தார்கள். முதலாளி அதைக் கல்லாவில் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார்.