கண்புரை அறுவைக்குப் பிறகு மீண்டும் மங்கும் பார்வை: கண்ணாடி எழுதிக் கொடுத்தால் அதோடு திரும்பிவிடாதீர்கள்

கண்புரை அறுவை முடிந்து நன்றாகத் தெளிந்த கண் சில வாரங்கள் கழித்து மறுபடி மங்கினால், "பவர் மாறியிருக்கிறது, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்புகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: விழித்திரையை ஓசிடி ஸ்கேன் (விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் சோதனை) எடுத்துப் பார்த்தீர்களா? விழித்திரையின் நடுவில் நீர் தேங்கி வீங்கியிருந்தாலும் பார்வை இப்படி மங்கும். என் அம்மாவின் கண்ணில் அந்த ஸ்கேனை எடுக்காமலேயே பல வாரங்களை வீணடித்தார்கள். மருத்துவமனையின் பெயரை எழுதப் போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். கண் அழுத்தத்துக்கு லட்டானோபிராஸ்ட் சொட்டு மருந்தும் போட்டு வந்தார். இரண்டையும் முதல் நாளே கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஆனால் அதன் பிறகு பேசியதெல்லாம் லென்ஸைப் பற்றித்தான். தூரப் பார்வைக்கு எது, படிக்கவும் சேர்த்து எது, எதற்கு எவ்வளவு என்று ஆலோசகர் வழவழப்பான புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி விளக்கினார். விழித்திரை என்ற சொல் அந்தப் பேச்சில் ஒரு முறைகூட வரவில்லை. "அபாயங்கள் அனைத்தும் விளக்கப்பட்டன" என்று அச்சடித்த ஒப்புதல் படிவம் மட்டும் கையெழுத்துக்கு வந்தது. யாரும் எதையும் விளக்கவில்லை.

அறுவையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மறுநாளே அம்மா சுவர்க் கடிகாரத்தில் நொடி முள் நகர்வதைப் பார்த்துச் சொன்னார். ஏறக்குறைய ஒரு மாதத்தில், அறுவைக்குப் பின் போடக் கொடுத்த சொட்டு மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். அதன் பிறகுதான் தொல்லை தொடங்கியது. செய்தித்தாளில் ஒரு சொல்லைப் பார்த்தால் நடு எழுத்து மட்டும் கலைந்தது. கதவின் நிலைச்சட்டம் நடுவில் வளைந்து தெரிந்தது. வலியும் இல்லை, சிவப்பும் இல்லை.

திரும்பிப் போனோம். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "லென்ஸ் அருமையாக உட்கார்ந்திருக்கிறது" என்று கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கண்ணாடியைப் போட்ட பிறகும் நிலைச்சட்டம் வளைந்தேதான் இருந்தது. மறுபடி போனபோது, "இந்த வயதுக்கு இவ்வளவு தெரிவதே நல்லதம்மா" என்றார் ஒரு இளம் மருத்துவர். கோடு வளைகிறது என்று அம்மா சொன்னதை அவர் தாளில் எழுதக்கூட இல்லை. நேர்க்கோடு வளைந்து தெரிவது விழித்திரையின் மையப் பகுதியில் கோளாறு இருக்கலாம் என்பதற்கான அடையாளம். அதைக் காதில் போட்டுக்கொள்ளாததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு விழித்திரை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். சில நிமிடங்களில் ஸ்கேன் எடுத்துத் திரையில் காட்டினார். மாகுலா எனப்படும் மையப் பகுதியின் நடுவே இயல்பாக ஒரு சிறு பள்ளம் இருக்க வேண்டுமாம். அம்மாவின் படத்தில் அங்கே மேடு எழும்பி, அதற்குள் கறுப்புக் கறுப்பாக நீர்ப்பைகள் தெரிந்தன. அறுவையின் தூண்டுதலால் கண்ணுக்குள் சுரக்கும் அழற்சிப் பொருட்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கசியவிடுகின்றன. அந்த நீர் மையத்தில் தேங்குகிறது. ஈரத்தில் உப்பிய காகிதத்தில் எழுத்து நெளிவதுபோலப் பார்வை நெளிகிறது. இதற்குக் கண்ணாடியால் ஒன்றும் செய்ய முடியாது.

இது அரிதாக எங்கோ நடக்கும் விசித்திரமும் அல்ல. இர்வின் என்ற மருத்துவர் 1953-இல் விவரித்தது. 1966-இல் காஸ், நார்ட்டன் இருவரும் கசிவைச் சாயம் செலுத்திப் படமெடுத்துக் காட்டினார்கள். இர்வின்–காஸ் நோய்க்குறி என்று பாடப்புத்தகத்தில் பெயரே இருக்கிறது. சிக்கலில்லாத அறுவையில் நூற்றுக்கு ஓரிருவருக்குப் பார்வையைப் பாதிக்கும் அளவில் வரலாம். பெரும்பாலும் 4 முதல் 12 வாரங்களுக்குள் தலைகாட்டும். சர்க்கரை நோய், முன்பு கண்ணுக்குள் வந்த அழற்சி, விழித்திரை ரத்தக் குழாய் அடைப்பு, அறுவையின்போது லென்ஸ் உறை கிழிவது ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். லட்டானோபிராஸ்ட் வகைச் சொட்டுகளையும் மருத்துவர்கள் இதோடு தொடர்புபடுத்துவதுண்டு. அம்மாவின் தாளில் இவற்றில் இரண்டு எழுதப்பட்டே இருந்தன.

பழைய மருத்துவமனையின் மூத்த மருத்துவரிடம் ஸ்கேன் படத்தை வைத்துக் கேட்டேன். "இது எதிர்பார்க்கக்கூடிய பின்விளைவுதான்" என்றார். எதிர்பார்க்கக்கூடியது என்றால் முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை? பார்வை குறைந்தது என்று நோயாளியே வந்து சொன்ன பிறகும் ஏன் தேடவில்லை? வீக்கம் வந்ததற்காக நான் அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டியது இந்த இரண்டு கேள்விகளுக்குத்தான். அவர் பதில் சொல்லவில்லை.

விழித்திரை மருத்துவரிடம் சிகிச்சையாக ஸ்டீராய்டு சொட்டும், நெபாஃபெனாக் என்ற ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்புச் சொட்டும் கொடுத்தார்கள். பலருக்கு இதிலேயே சில மாதங்களில் வற்றிவிடும். வற்றாதவர்களுக்குக் கண்ணருகிலோ கண்ணுக்குள்ளோ ஊசி போடுவார்கள். தயவுசெய்து இந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு கடையில் தாமாக வாங்காதீர்கள். ஸ்டீராய்டு சொட்டு கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். அம்மாவுக்கு ஒவ்வொரு முறையும் அழுத்தம் பார்த்த பிறகே தொடர்ந்தார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அறுவைக்குப் பிறகு கடும் வலி, சிவப்பு, மின்னல்போல ஒளி, திரை விழுவதுபோன்ற நிழல் இவற்றில் எது வந்தாலும் அது வேறு விதமான அவசரம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

அம்மாவின் பார்வை பெரும்பகுதி மீண்டுவிட்டது. ஆனால் பொடி எழுத்தில் நடுவே ஒரு மங்கல் இன்னும் இருக்கிறது. முன்பே கவனித்திருந்தால் அது இல்லாமல் போயிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் விழித்திரை மருத்துவர்.

அடுத்த கண்ணிலும் புரை முற்றிவருகிறது. ஒரு கண்ணில் வந்தவருக்கு மற்றதிலும் வர வாய்ப்பு கூடுதல் என்பதால், அறுவைக்கு முன்பே ஓசிடி, முன்கூட்டியே அழற்சி எதிர்ப்புச் சொட்டு, பார்வை நன்றாக இருந்தாலும் ஆறாவது வாரத்தில் மறுபடி ஸ்கேன் என்று புதிய மருத்துவர் தம் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார். இம்முறை அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் அம்மா அறுவைக்கு நாள் குறிக்கச் சம்மதித்தார்.