தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில் நான்கு வருடமாகப் பாடும் ஷூர் எஸ்எம்58 மைக்

வடசென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் மாடி அறை ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம். பகலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில், ராத்திரியில் யார்டுக்குப் போகும் கூட்ஸ். இந்த அறையில்தான் கானா பாடிப் பதிவு செய்கிறேன். மைக் வாங்கப் போகிறவர்கள், கடைக்குப் போவதற்கு முன் தங்கள் அறையில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து காது கொடுத்துக் கேளுங்கள். நான் அதைச் செய்யாமல் வாங்கினேன்.

முதலில் வாங்கியது கண்டென்சர் மைக், சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் வகை. ஹெட்போனில் என் குரலைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. மூச்சு வாங்குவதுகூட அவ்வளவு தெளிவு. கூடவே அடுத்த அறையில் ஆயா இருமுவது, தெருவில் குடம் உருளுவது, வெற்றுச் சுவரில் பட்டுத் திரும்பும் என் குரல் எல்லாமே பதிவானது. கானாவை நெஞ்சிலிருந்து இழுத்துப் பாடும்போது அந்த எதிரொலிதான் பெரிய தொல்லை. அப்புறம் ஐப்பசி மழையில் பட்பட்டென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. கண்டென்சரின் மெல்லிய சவ்வுக்கும் பின்னால் உள்ள தகட்டுக்கும் நடுவே மின்னூட்டம் நிற்க வேண்டும். ஈரம் ஏறினால் அது கசியும். சிலிக்கா ஜெல் போட்டு டப்பாவில் மூடி வைத்தபின் அடங்கியது.

அடுத்துதான் ஷூர் எஸ்எம்58. 1966-லிருந்து வரும் டைனமிக் மைக், அதாவது காந்தமும் கம்பிச்சுருளும் வைத்து வேலை செய்யும் வகை, கச்சேரி மேடைகளில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இதற்குப் போலிகள் நிறைய. அசலின் எடை 298 கிராம். நான் எடை போட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனால் எடை மட்டும் போதாது, முறையான பில்லும் வேண்டும்.

டைனமிக் மைக் வெளிச்சத்தத்தைத் தானாகவே வடிகட்டிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. இதில் வாயை மூன்று விரல்கடை தூரத்தில் வைத்துப் பாடுகிறோம், அதுதான் விஷயம். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். அறைச் சத்தம் அப்படியேதான் இருக்கும். அதனால் மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான இண்டர்ஃபேஸில் கெயினை, அதாவது சத்தத்தைப் பெருக்கும் அளவை, குறைக்கலாம், குறைத்ததும் ஆயாவின் இருமலும் அடங்கிப் போகும். இது கார்டியாய்ட் மைக், முதுகுப் பக்கம் வரும் சத்தத்தைக் குறைவாகவே வாங்கும். எனவே மைக்கின் முதுகை ஜன்னலுக்குக் காட்டி, எனக்குப் பின்னால் கொடியில் ரெண்டு ரஜாயை, தடிமனான பஞ்சுப் போர்வையை, தொங்கவிட்டிருக்கிறேன். அந்த ரஜாய் செய்த வேலையை எந்தக் கருவியும் செய்யவில்லை. இவ்வளவு பக்கத்தில் பாடினால் குரலில் அடிக்கனம் ஏறும். அதனால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிச்சத்தத்தை வெட்டிவிடுவேன்.

நான்கு வருடத்தில் இரண்டு முறை கீழே விழுந்து வலைத்தலை நசுங்கியது, சத்தம் மாறவில்லை. அந்தத் தலையைத் திருகிக் கழற்றி, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சைக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுவேன். எச்சிலும் வியர்வையும் படியும் பொருள், இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

என் தங்கைக்கு மட்டும் இது ஒத்துவரவில்லை. அவள் சர்ச் பாட்டுகளை மெல்லிய குரலில் பாடுவாள். அவளுக்காக கெயினை ஏற்றினால் இஸ் என்ற இரைச்சல் சேர்ந்துவிடுகிறது, குரலின் மேல் மினுமினுப்பும் கிடைப்பதில்லை. அவளுக்கு அந்தப் பழைய கண்டென்சர்தான் சரி. ஊர் அடங்கியபின், ஃபேனை அணைத்துவிட்டு, ரஜாய்களை அவளைச் சுற்றிக் கட்டிவிடுவேன். கூட்ஸ் வந்தால் தரையே அதிரும், அதற்கு எந்த மைக்கும் தப்பாது. கடைசிப் பெட்டி போகும்வரை காத்திருந்து, விட்ட வரியிலிருந்து மறுபடி எடுக்கிறோம்.